இணையத்துக்கு அறிமுகமாகாத யந்திரம்

மதுரையிலிருந்து திருப்பரங்குன்றத்தைக் கடந்து திருமங்கலத்தை நோக்கித் தெற்கே செல்லும் பெருஞ்சாலையில் அமைந்துள்ள கப்பலூர், தியாகராஜர் நூற்பாலையாலும், சிட்கோ தொழிற்பேட்டையாலும், அண்மைக் காலத்தில் அங்குள்ள சுங்கச்சாவடியைப் பற்றி எழுந்த வாதப் பிரதிவாதங்களாலும் ஜில்லாவுக்கு அப்பாலும் பெயர் அறியப்பட்ட ஊர். அந்தத் தொழிற்பேட்டையில் சிறு பட்டறை நடத்துகிற ஒருவர் ரூ. 50,000-க்கு மேற்பட்ட சரக்கை வெளி மாநிலத்துக்கு அனுப்புவதானால், 2018 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் அமலில் உள்ள விதிப்படி, லாரி புறப்படுமுன் இணையத்தின் வழியே 'இ-வே பில்' எடுத்தாக வேண்டும், அவருடைய ஜி.எஸ்.டி. கணக்கும் இணையத்திலேதான் பதிவாக வேண்டும். அவர் வீட்டுப் பிள்ளையின் கல்லூரி விண்ணப்பமும் அங்கேதான் நிரப்பப்பட வேண்டும். ஆகையால் அத்தகைய குடும்பம் ஒரு புதுக் கணினிக்குப் பணம் ஒதுக்குவதை ஆடம்பரச் செலவென்று இன்று எவரும் சொல்லமாட்டார்கள்.

பெயர் பெற்ற கம்பெனியில் முழுமையாகத் தயாராகிப் பெட்டியில் வந்து இறங்கும் கணினிகளும் உண்டு. ஆயினும், செலவைச் சுருக்க எண்ணுகிறவர்களும், தமக்கு வேண்டிய சக்தியுள்ள உறுப்புகளைத் தாமே தேர்ந்தெடுக்கும் ஆசையுள்ளவர்களும், மதர்போர்டு, பிராசஸர், ரேம், எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ்., கேபினட் என்று தனித்தனியே வாங்கி, வீட்டிலோ பழக்கமான கடைக்காரரிடத்திலோ பூட்டிக்கொள்கிறார்கள். 'அசெம்பிள் பண்ணின சிஸ்டம்' என்று ஊர்ப் பேச்சில் வழங்கும் இந்த யந்திரத்தால், சென்னை மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவின் வியாபாரம் நெடுங்காலமாகச் செழித்து வந்திருக்கிறது. பூட்டும் வேலை முடிந்து, மின்சாரம் பாய்ந்து, விண்டோஸும் ஏறி, திரையில் ஒளி பரவி, எல்லாம் செம்மையாக நிறைவேறிவிட்டது என்று வீட்டார் மனம் நிறைந்திருக்கும் வேளையில், பிரௌசரைத் திறந்து ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், இணைப்பு இல்லை என்ற அறிவிப்பே தோன்றி நிற்கிறது. பக்கத்தில் கைப்பேசியிலும் பழைய லேப்டாப்பிலும் அதே வீட்டு வைஃபை தங்குதடையின்றி ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் பார்ப்பவரை அதிகமாகக் கலங்கச் செய்யும் விஷயம்.

இந்தச் சமயத்தில் பலருடைய வாயில் முதலில் வருவது, "ஃபார்மட் அடிச்சுருவோம்" என்ற வாக்கியம். காரணத்தை விசாரிக்காமல், ஏற்றியதையெல்லாம் அழித்துவிட்டு மறுபடியும் ஏற்றும் இந்தச் சிகிச்சையை நான் சிறிதும் ஆதரிக்கமாட்டேன். அரை நாள் பொழுது வீணாவதோடு, எந்தக் குறை முன்பு இருந்ததோ அந்தக் குறை, மறுபடி ஏற்றிய பிறகும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இத்தகைய நிலையில் நாம் கோளாறு என்று அழைப்பதில் பெரும் பகுதி கோளாறே இல்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம். யந்திரம் பழுதுபடவில்லை, அதை இன்னும் எவரும் அறியவில்லை, அவ்வளவே. ஒரு தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பத்தைத் தபால்காரர் அறிவதற்கும், பால்காரர் அறிவதற்கும், ரேஷன் கடைப் பட்டியலில் பெயர் ஏறுவதற்கும் தனித்தனியே முயற்சி வேண்டியிருப்பதுபோல, புதுக் கணினியும் பல இடங்களில் தனித்தனியே அறிமுகம் பெற வேண்டியிருக்கிறது. அதன் உள்ளே உள்ள வலைச் சில்லை விண்டோஸ் அறிய வேண்டும். கணினியை வீட்டு ரவுட்டர் அறிய வேண்டும். சில ஊர்களில் ரவுட்டருக்கு அப்பாலுள்ள கேபிள்காரரின் சர்வரும் அறிய வேண்டும். தளத்தின் பெயருக்கு உரிய எண்ணை யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டும். கடைசியாக, வந்து சேர்ந்த இடம் உண்மையாகவே நாம் நாடிய இடந்தான் என்பதில் பிரௌசருக்கு நம்பிக்கை பிறக்க வேண்டும். இந்தப் படிகளுள் எது நிறைவேறவில்லை என்பதை வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனால், விடை பெரும்பாலும் வழியிலேயே கிடைத்துவிடும்.

இப்படிக் கேட்டறியும் பயிற்சி எவ்வளவு பயனுள்ளது என்பதற்கு மதுரை ஜில்லாவிலேயே ஒரு சரித்திரச் சான்று இருக்கிறது. நம் நாட்டில் வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்டு 15-ஆம் தேதி பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, அந்தச் சௌகரியம் சென்னை முதலிய பெருநகரங்களோடு நின்றுவிட்டது. கிராமங்களுக்குத் தொலைபேசிக் கம்பியே ஒழுங்காகப் போய்ச் சேராத காலம் அது. 2001-ஆம் ஆண்டில், சென்னை ஐ.ஐ.டி.யும், அதன் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவினரிடமிருந்து தோன்றிய என்-லாக் நிறுவனமும், அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு ஆகிய பல்கலைக்கழகங்களும் கூடி, மேலூர் தாலுகாவின் கிராமங்களில் இணைய நிலையங்களை அமைக்கத் தொடங்கின. கம்பியின்றி அலைவழியே இயங்கும் 'கோர்டெக்ட்' என்னும் சென்னை ஐ.ஐ.டி.யின் தொழில்நுட்பம் அவற்றை இணைத்தது. ஒரு விநாடிக்கு அதிகபட்சம் 70 கிலோபிட் என்ற அதன் வேகம் இன்றைய கைப்பேசியின் வேகத்தோடு ஒப்பிடவே முடியாத அளவு சொற்பம். அந்தச் சொற்ப வேகத்திலேயே பிறப்பு இறப்புச் சான்றிதழ்களுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் விண்ணப்பங்கள் தாலுகா ஆபீசுக்குச் சென்றன. கிராமவாசிகளின் கண்களைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆலோசனைக்கு அனுப்பினார்கள்.

சில ஆண்டுகளில் அந்நிலையங்களில் பல மூடப்பட்டன. வரவு செலவு கட்டுபடியாகாததே பிரதான காரணம். எனினும், அவற்றை நுணுகி ஆராய்ந்தவர்கள் கண்டுரைத்த மற்றொரு விஷயம் நம் கவனத்துக்கு உரியது: முன்கூட்டியே கணினிப் பயிற்சி பெற்றிருந்தவர்களிடம் இருந்த நிலையங்கள் மற்றவற்றைக் காட்டிலும் அதிக காலம் நீடித்தன. யந்திரம் ஓடாமல் நின்ற பொழுதில் அதன் முன் உட்கார்ந்திருந்தவருக்கு ஓரளவு அறிவு இருந்ததா என்பதே, மேலூர்க் கிராமம் ஒன்றில் இணையம் தங்குமா தங்காதா என்பதை நிர்ணயித்த காரணங்களுள் ஒன்றாய் இருந்தது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். நிபுணர் வரும்வரை காத்திராமல், நம் வீட்டு யந்திரத்தின் நிலையை நாமே ஓரளவு அறிந்துகொள்ள வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு அதுவே ஆதாரம்.

இனி, கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய இடத்திலிருந்து தொடங்குவோம். மதர்போர்டைக் கேபினட்டில் பொருத்துவதற்கு முன் அதன் பின்புறத் துளைகளைச் சுற்றி ஒரு மெல்லிய தகட்டை அமைக்கிறோம் அல்லவா? அந்தத் தகட்டின் ஓரங்களில் உள்ள சிறு உலோக நாக்குகளுள் ஒன்று வளைந்து, லேன் கேபிள் செருக வேண்டிய துளைக்குள்ளேயே புகுந்துவிடுவது உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. கேபிள் மட்டும் 'டக்' என்ற ஓசையுடன் முழுமையாக உட்காராது. புதிதாகப் பூட்டிய யந்திரத்துக்கே உரிய குறை இது. வைஃபை உள்ள போர்டானால், அதன் அட்டைப் பெட்டியில் தனியாக வைத்திருக்கும் இரண்டு ஆன்டெனாக்களை எடுத்துப் பின்புறத்துப் பித்தளை முனைகளில் திருகாமல் விட்டுவிடுகிறவர்கள் அநேகர். இரும்புப் பெட்டிக்குப் பின்னால் ஆன்டெனா இன்றி நிற்கும் அந்த யந்திரத்துக்கு அடுத்த அறையிலுள்ள ரவுட்டர்கூட மங்கலாகவே தெரியும். லேன் கேபிளின் உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள் இருக்கின்றன. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு நான்கு கம்பிகள் போதும், ஆயிரம் மெகாபிட் வேகத்துக்கு எட்டும் பழுதின்றி வேண்டும். ஆகையால், இணைப்பு வருகிறது, ஆனால் வாங்கிய வேகத்தில் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கிறது என்றால், கேபிளை மாற்றிப் பார்ப்பதே முதல் காரியம். துளையின் ஓரத்தில் பச்சையோ மஞ்சளோ ஒரு சிறு விளக்கு எரிந்தால், கம்பி இரு முனைகளிலும் உயிரோடு இருக்கிறது என்று கொள்ளலாம்.

மதுரைச் சீமையில் சித்திரை, வைகாசி மாதங்களின் கோடை மழை இடியோடு வருவது வழக்கமாதலால், இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மொட்டை மாடிகளின் மீது வீடு வீடாக இழுத்துச் செல்லும் செம்புக் கம்பியின் வழியே மின்னலின் வேகம் பாய்ந்து, மற்ற உறுப்புகள் எல்லாம் நலமாக இருக்க, லேன் துளையை மட்டும் கருகச் செய்துவிடுவது உண்டு. பழைய போர்டை வாங்கிப் புது யந்திரம் பூட்டியவர்கள் இந்தச் சந்தேகத்தை மனத்தில் வைத்துக்கொள்வது நலம். யு.எஸ்.பி.யில் செருகும் சிறு லேன் அடாப்டர் ஒன்று அந்தக் குறையை எளிதில் தீர்த்துவிடும். அதற்காகப் போர்டையே மாற்ற வேண்டியதில்லை.

கம்பி சரியாக இருந்தும் விண்டோஸில் வலையின் சுவடே காணப்படவில்லை என்றால், முதல் அறிமுகமே நடக்கவில்லை என்று பொருள். போர்டின்மேல் உள்ள வலைச் சில்லோடு எப்படிப் பேச வேண்டும் என்பதை விண்டோஸுக்குக் கற்பிக்கும் சிறு புரோகிராமுக்கு 'டிரைவர்' என்று பெயர். பழைய சில்லுகளுக்கான டிரைவர்கள் விண்டோஸோடு கூடவே வருகின்றன. சில்லு விண்டோஸைவிடப் பின்னால் பிறந்ததாயின், அது விண்டோஸுக்கு அந்நியப் பொருள். 2.5 கிகாபிட் வேகமுள்ள சில்லுகள் போர்டுகளில் பரவிய ஆண்டுகளில், பழைய விண்டோஸ் 10 பென் டிரைவை வைத்து ஏற்றியவர்களில் பலர் இந்தச் சங்கடத்துக்கு ஆளானார்கள். 'டிவைஸ் மேனேஜர்' என்ற பட்டியலைத் திறந்து பார்த்தால், அந்தச் சில்லின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம் நிற்கும். டிரைவர் போர்டு தயாரித்த கம்பெனியின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதைப் பெற இணையம் வேண்டும், இணையம் பெற அது வேண்டும். விண்டோஸ் 11 இந்தச் சங்கடத்தை இன்னும் கூர்மையாக்கிவிட்டது. ஏற்றும்போதே இணைப்பைக் கேட்டு, கிடைக்காவிட்டால் மேலே செல்லாமல் நின்றுவிடுகிறது.

இந்தச் சுழலிலிருந்து வெளியேறும் வழி நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியைச் சார்ஜர் கம்பியால் கணினியின் யு.எஸ்.பி. துளையில் இணைத்து, கைப்பேசியின் செட்டிங்ஸில் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதை முடுக்கினால், கைப்பேசியே கணினிக்கு ஒரு வலைச் சில்லாக வேலை செய்யத் தொடங்கும். அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே அடங்கியிருப்பதால் வேறொன்றும் வேண்டாம். கம்பி மட்டும் சார்ஜ் ஏற்றுவதோடு நின்றுவிடாமல், தகவலையும் கடத்தக்கூடியதாக இருக்க வேண்டும். இவ்வளவு எளிய உபாயம் இருக்க, எல்லா டிரைவர்களையும் ஒரே மூட்டையாகத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் பெயர் தெரியாத தளங்களிலிருந்து எதையேனும் இறக்கிக்கொள்வதை நான் மிகவும் அஞ்சுகிறேன்; இணையத்தை நாடிச் சென்று, புது யந்திரத்தின் முதல் நாளிலேயே வைரஸை உள்ளே அழைத்துக்கொண்டவர்கள் உண்டு.

விண்டோஸ் சில்லை அறிந்துகொண்ட பிறகு, கணினியை ரவுட்டர் அறிய வேண்டும். வலையில் சேரும் ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஒரு விலாசம் அவசியம், அது 'ஐ.பி.' என்னும் எண் உருவில் இருக்கிறது. உலகம் முழுவதற்கும் பழைய முறையில் சுமார் 429 கோடி எண்களே உண்டாதலால், வீடுகளுக்குள் வழங்குவதற்கென்று சில எண்களைத் தனியே ஒதுக்கிவிட்டார்கள். 192.168 என்று தொடங்கும் எண் கப்பலூரிலும் இருக்கும், கொழும்பிலும் இருக்கும், கோலாலம்பூரிலும் இருக்கும், ஒன்றுக்கொன்று மோதுவதில்லை. கணினி விழித்தெழுந்தவுடன், எனக்கு ஒரு விலாசம் தாருங்கள் என்று பொதுவில் கேட்கிறது. ரவுட்டர் ஒன்றை எடுத்து வழங்குகிறது. எவரும் பதில் சொல்லாவிட்டால், 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைக் கணினி தானாகவே சூட்டிக்கொள்கிறது. ஆகையால், 169.254 என்று கண்டால் ரவுட்டரின் குரல் எட்டவில்லை என்றும், 192.168 என்று கண்டால் வீட்டுக்குள் எல்லாம் க்ஷேமம் என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். இந்த ஒரு பார்வை மணிக்கணக்கான அலைச்சலைத் தடுக்கும்.

வீட்டுக்குள் எல்லாம் சரியாக இருந்தும் வெளியே போக முடியாத நிலை ஒன்று உண்டு. நம் ஊர்களில் அது சாதாரணம். ஒவ்வொரு வலைச் சில்லிலும், தயாராகும்போதே பதிக்கப்பட்ட பன்னிரண்டு இலக்க 'மேக் எண்' இருக்கிறது. அதன் முதற்பாதி தயாரித்த கம்பெனியைக் குறிக்கும், பிற்பாதி அந்தச் சில்லுக்கே உரியது. சிறு கேபிள் ஆபரேட்டர்கள் சிலர், ஒரு வீட்டின் இணைப்பை மற்றொரு வீடு உபயோகிக்காதபடி தடுக்க, சந்தாதாரரின் மேக் எண்ணைத் தங்கள் சர்வரில் பதிந்து, அதற்கு மட்டுமே கதவைத் திறக்கிறார்கள். ரவுட்டர் இல்லாமல் கம்பி நேரே கணினிக்கு வரும் வீடுகளில், பழைய கணினியை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தவுடன் இணைப்பு நின்றுபோவதற்கு இதுவே காரணம். பணம் கட்டியிருக்கிறோம், கம்பி சரி, விளக்கு எரிகிறது, டிரைவர் இருக்கிறது. ஆனால் அந்தச் சர்வரின் கண்ணுக்குப் புதுக் கணினி முன்பின் அறியாதவர். ஆபரேட்டருக்குப் போன் செய்து புது எண்ணைப் பதிந்துகொள்ளச் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. மோடம் வெறும் பாலமாக மட்டும் அமைந்திருக்கும் வேறு சில வீடுகளில், இணைப்புக்குரிய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பழைய கணினியிலேயே பதிந்திருந்து, அதை விற்றபோது கூடவே போய்விடுகின்றன. கணினியை மாற்றுவதற்கு முன் அந்த இரண்டையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பவர் பாக்கியசாலி.

விலாசமும் கிடைத்து, வெளிக் கதவும் திறந்த பிறகு, சந்தேகத்தை உறுதி செய்துகொள்ள ஒரு பழமையான கருவி நமக்கு உதவுகிறது. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிச் சாலையில் வேலை பார்த்த மைக் மூஸ் என்பவர், நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி அதன் எதிரொலியைக் கேட்கும் முறையை மனத்தில் கொண்டு, 'பிங்' என்னும் சிறு புரோகிராமை எழுதினார். இன்றும் எந்தக் கணினியிலும் அது இருக்கிறது. 'கமாண்ட் பிராம்ப்ட்' என்னும் கறுப்புத் திரையைத் திறந்து, ரவுட்டரின் எண்ணை, அதாவது பல வீடுகளில் 192.168.1.1 என்பதை, பிங் செய்தால் வீட்டுக்குள் உள்ள பாதை தெரியும். 8.8.8.8 என்ற எண்ணைப் பிங் செய்தால் வெளியுலகப் பாதை தெரியும். அதன் பிறகு ஏதேனும் ஒரு தளத்தின் பெயரைப் பிங் செய்ய வேண்டும். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு வராவிட்டால், இணையம் வந்துவிட்டது, பெயர் சொல்லித் தருகிறவர் மட்டும் வரவில்லை என்று அறியலாம்.

அந்தப் பெயர் சொல்லித் தரும் ஏற்பாட்டுக்கு டி.என்.எஸ். என்று பெயர். ஆரம்ப நாட்களில் வலையில் இருந்த யந்திரங்கள் சிலவே ஆகையால், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே கோப்பில் எல்லாப் பெயர்களையும் எண்களையும் எழுதி வைத்து, அதையே யாவரும் நகலெடுத்து வந்தார்கள். யந்திரங்கள் பெருகப் பெருக அந்தக் கோப்பு தாங்காமற்போகவே, 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர், பெயர்களைப் பல சர்வர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் முறையை வகுத்தார். இப்போது '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் பெயர்களும் அந்த முறையில் இடம்பெற்றிருக்கின்றன என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. நம் வீட்டுக்கு இணையம் தருகிறவரின் டி.என்.எஸ். சர்வர் சோர்ந்திருக்கும் நேரத்தில், கணினியின் செட்டிங்ஸில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்ற பொதுச் சர்வரின் எண்ணைக் குறித்துக்கொள்வது நிவர்த்தியாகும். முன்னது 2009 முதலும், பின்னது 2018 முதலும் பொதுமக்களின் உபயோகத்துக்கு இருந்துவருகின்றன.

எல்லாவற்றையும் விட மிகுந்த மயக்கத்தை உண்டாக்குவது, இணையத்துக்குச் சம்பந்தமே இல்லை என்று எவரும் எண்ணக்கூடிய ஒரு பொருள்: கடிகாரம். மதர்போர்டில் ரூபாய் நாணயம் போன்ற வட்ட வடிவில், சி.ஆர்.2032 என்னும் 3 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது. மின்சாரம் இல்லாத நேரத்திலும் நாளையும் மணியையும் விடாமல் எண்ணிக்கொண்டிருப்பதற்கு அது ஆதாரம். கிடங்கில் நெடுநாள் கிடந்து அந்தப் பேட்டரி தளர்ந்திருந்தாலோ, பூட்டும்போது கழற்றி மாட்டியிருந்தாலோ, யந்திரம் தன் தேதியைப் பல ஆண்டுகள் பின்னுக்குக் கொண்டுபோய்விடும். இன்றைய தளங்களில் பெரும்பாலானவை தம் அடையாளத்தை நிரூபிக்க ஒரு சான்றிதழை நீட்டுகின்றன. இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு, ஒரு சான்றிதழை 90 நாட்களுக்கு மட்டுமே செல்லும்படி தருவதை வழக்கமாகக் கொண்டது. 2019-ஆம் ஆண்டில் இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும் கணினியிடம் சென்ற மாதம் எழுதிய சான்றிதழை நீட்டினால், இன்னும் பிறக்காத நாளில் கையெழுத்தான பத்திரம் என்று பிரௌசர் அதை ஏற்க மறுக்கிறது. பிங் போகிறது, பெயரும் தெரிகிறது, ஆனால் ஒரு தளம்கூடத் திறக்கவில்லை. திரையின் வலது கீழ் மூலையில் உள்ள தேதியைப் பார்த்துத் திருத்தியவுடன் எல்லாத் தளங்களும் ஒருசேரத் திறந்துகொள்வதைக் காணும் ஆச்சரியம் சாமானியமானதில்லை. பேட்டரியையும் மாற்றிவிட வேண்டும். இல்லாவிடில் மாதாந்திர மின் தடை முடிந்த மாலையில் அதே வேடிக்கை மீண்டும் நடக்கும்.

மணி சரியாகத் தெரிந்தும் தவறாக இருக்கக்கூடும் என்பது இதிலுள்ள மற்றொரு நுட்பம். விண்டோஸை ஏற்றும்போது தேசத்தைக் கவனிக்காமல் விட்டால், அது அமெரிக்க மேற்குக் கரையின் நேரத்தைத் தன் ஆதாரமாகக் கொள்வது உண்டு. நாம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கணினியின் மணியைத் திருத்திவிட்டால், கண்ணுக்கு மணி சரி. உள்ளே கணக்கோ பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரம் பிசகியிருக்கும். முப்பது விநாடிக்கு ஒரு முறை மாறும் ரகசிய எண்ணைக் கணினியிலேயே உற்பத்தி செய்யும் ஏற்பாடுகள் அப்போது பிசகிப்போகும். அதே யந்திரத்தில் லினக்ஸையும் விண்டோஸையும் சேர்த்து வைத்திருக்கும் மாணவர்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போதெல்லாம் மணி ஐந்தரை மணி நேரம் நகர்வதைக் காண்பார்கள். லினக்ஸ் கிரீன்விச் நேரத்தையும் விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் போர்டில் எழுதி வைப்பதால் விளைவது அது.

சான்றிதழ் எச்சரிக்கை வரும்போது, 'பரவாயில்லை, மேலே செல்' என்ற பொத்தானை அழுத்திவிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். கடிகாரம் சரியாக இருந்தும் வங்கியின் தளத்தில் அந்த எச்சரிக்கை வந்தால், வழியில் யாரோ வங்கியின் வேஷத்தில் நிற்கக்கூடும் என்பதே அதன் தாத்பர்யம். அங்கே அவசரப்பட்டு அழுத்தும் ஒரு பொத்தானுக்கு, சேமிப்பு முழுவதும் விலையாகிவிடலாம். அந்த நேரத்தில் தளத்தை மூடிவிட்டு எழுந்திருப்பது ஒன்றுதான் சரியான காரியம்.

பழைய விண்டோஸ் 7 பென் டிரைவைத் தேடியெடுத்துப் புது யந்திரத்தில் ஏற்றிக்கொள்ளும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அதற்கு 2020 ஜனவரியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. குரோம் பிரௌசரும் 2023-இல் வந்த 109-ஆம் பதிப்புக்கு மேல் அதில் ஏறுவதில்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. யந்திரம் புதிதாக இருந்து, ஏற்றியது பழையதாக இருந்தால், தளங்கள் பேசும் புதிய பாஷை பிரௌசருக்குப் புரியாமற் போகிறது. வாட்ஸாப் முதலியவை வேலை செய்து பிரௌசர் மட்டும் முடங்கினால், செட்டிங்ஸில் 'பிராக்சி' என்ற பகுதியில் யாரேனும் எதையேனும் எழுதி வைத்திருக்கிறார்களா என்று பார்த்து அழித்துவிட வேண்டும். இதற்கு மேல் அதைப் பற்றி விரித்துரைக்க ஒன்றுமில்லை.

இத்தனைக்கும் பிறகு குறை வீட்டுக்கு வெளியே இருக்கிறது என்று தெரிய வந்தால், வாசலில் உள்ள ஃபைபர் மோடத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும். தலைமயிரைப் போன்ற மெல்லிய கண்ணாடி இழையின் வழியே, 1490 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி எக்ஸ்சேஞ்சிலிருந்து நம்மை நோக்கி வருகிறது. 1310 நானோமீட்டர் ஒளி நம்மிடமிருந்து திரும்பிச் செல்கிறது. இரண்டும் ஒரே இழையில் எதிரெதிராகச் சென்றும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. வரும் ஒளி அற்றுப்போனால் 'லாஸ்' என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு எரியும். சாலையை அகலப்படுத்தும் வேலையிலோ, குடிநீர்க் குழாய் புதைக்கும் வேலையிலோ, ஜே.சி.பி.யின் பற்கள் இழையை அறுத்துவிட்டதன் அடையாளமாக அது பெரும்பாலும் இருக்கும். வீட்டுக்குள்ளேயே இழையைக் கூர்மையாக மடித்து ஆணி அடித்திருந்தாலும் அதே விளைவு.

அப்போது கேபிள்காரருக்கோ எக்ஸ்சேஞ்சுக்கோ போன் செய்து, "அண்ணே, நெட்டு வரலை, வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னால், மறுமுனையில் இருப்பவர் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார். அதோடு ஒரு நாள் போய்விடும். "அண்ணே, 'லாஸ்' லைட்டு சிவப்பா எரியுது, மோடத்தை அணைச்சுப் போட்டும் பார்த்தாச்சு, வீட்டுல எந்த மிஷின்லயும் வரலை" என்று சொன்னால், இழையைச் சோதிக்கும் பவர் மீட்டரோடு அவர் நேரே வருவார். அவர் இழையைக் கழற்றி அந்த மீட்டரில் பொருத்தும்போது, அதில் தோன்றும் எண்ணை நாமும் பார்த்துக்கொள்ளலாம். மைனஸ் 20 டி.பி.எம். என்பதை ஒட்டி இருந்தால் ஒளி தாராளமாக வருகிறது. மைனஸ் 27-க்கு அப்பால் இறங்கினால், பெரும்பாலான வீட்டு மோடங்கள் அந்த மங்கிய ஒளியைப் படிக்க மாட்டாமல் தத்தளிக்கும். இழையைச் சேர்த்துச் சரிசெய்த பின் வரும் எண்ணை, தேதியோடு மோடத்தின் பின்புறத்தில் எழுதி ஒட்டிவிட்டால், அடுத்த முறை ஒளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க வருகிறவருக்கு அது உதவும்.